ஆஸ்பர்ன் எழுதியதை கேப்ரோ படிக்காது

1982ஆம் ஆண்டு. கடையில் ஒரே பெட்டியிலிருந்து இரண்டு 5.25 அங்குல ஃபிளாப்பிகளை எடுக்கிறீர்கள். ஒன்றை ஆஸ்பர்ன் 1 கம்ப்யூட்டரில் போடுகிறீர்கள், மற்றதை கேப்ரோ 2 கம்ப்யூட்டரில். இரண்டிலும் அதே இசட்-80 சிப்தான், அதே சி.பி/எம் ஆபரேட்டிங் சிஸ்டம்தான். கடிதம் அடிக்கும் வேர்ட்ஸ்டார் மென்பொருள் இரண்டிலும் ஓடும். இரண்டிலும் ஒரு கடிதம் அடித்துச் சேமித்துவிட்டு, டிஸ்க்குகளை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஆஸ்பர்ன் எழுதியதை கேப்ரோ படிக்காது. கேப்ரோ எழுதியதை ஆஸ்பர்ன் படிக்காது.

ஃபிளாப்பியின் கதையை எல்லோரும் அளவை வைத்துத்தான் சொல்கிறார்கள். முதலில் 8 அங்குலம், அப்புறம் 5.25, அப்புறம் 3.5, அப்புறம் காணாமல் போனது. பழைய டிஸ்க்குகளிலிருந்து தரவை மீட்டெடுப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கும் எனக்கு அந்தக் கதை போதவில்லை. அளவு மாறியது கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் அது சுலபமான கதை. பெரிய சண்டை உறைக்குள்ளே, பழுப்பு நிறக் காந்தப் பூச்சின் மேல் நடந்தது. ஒரு டிஸ்க்கில் எவ்வளவு கொள்ளும் என்பதைவிட, அடுத்தவர் மெஷினில் அது திறக்குமா என்பதே அதன் மதிப்பைத் தீர்மானித்தது. இதைத் தாமதமாகப் புரிந்துகொண்ட கம்பெனிகளின் பட்டியல் நீளம்.

புது டிஸ்க் என்பது காந்தப் பொடி பூசிய வெறும் பிளாஸ்டிக் வட்டம். எங்கே எழுதுவது என்பதற்கு அதில் ஒரு அடையாளமும் கிடையாது. ஃபார்மட் செய்யும்போதுதான் டிரைவ் அதில் வட்ட வட்டமாக டிராக்குகளைப் போட்டு, ஒவ்வொரு டிராக்கையும் செக்டார்களாகப் பிரித்து, ஒவ்வொரு செக்டாரின் தலையிலும் ஒரு எண்ணை எழுதுகிறது. எத்தனை டிராக், டிராக்குக்கு எத்தனை செக்டார், செக்டாருக்கு எத்தனை பைட், பிட்டுகளைக் காந்தத் துடிப்புகளாக மாற்றும் முறை எது, கோப்புகளின் பட்டியல் எந்த டிராக்கில் தொடங்குகிறது: எல்லாமே மெஷின் தயாரிப்பாளரின் விருப்பம்.

ஆஸ்பர்னில் 40 டிராக், டிராக்குக்கு 10 செக்டார், செக்டாருக்கு 256 பைட். கேப்ரோவிலும் 40 டிராக், 10 செக்டார்தான், ஆனால் செக்டாருக்கு 512 பைட். ஆஸ்பர்ன் செக்டார்களை 1 முதல் எண்ணும், கேப்ரோ 0 முதல் எண்ணும். ஆஸ்பர்ன் எழுதியது எஃப்.எம். என்ற பழைய முறையில். அதில் ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு கடிகாரத் துடிப்பு கூடவே போகும். கேப்ரோ பயன்படுத்திய எம்.எஃப்.எம். முறை தேவையில்லாத கடிகாரத் துடிப்புகளை விட்டுவிடும், அதனால் அதே நீளத்தில் இரண்டு மடங்கு தரவு அடங்கும். பின்னாளில் ஆஸ்பர்ன் கம்பெனியே எம்.எஃப்.எம்.முக்கு மாறியபோது டிராக்குக்கு 5 செக்டார், செக்டாருக்கு 1,024 பைட் என்று மூன்றாவதாக ஒரு கணக்கைப் போட்டது.

ஆஸ்பர்ன் கம்ப்யூட்டரை உருவாக்கிய ஆடம் ஆஸ்பர்னைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. பாங்காக்கில் பிறந்து, சிறுவயதில் திருவண்ணாமலையில் வளர்ந்தவர் அவர். அப்பா ஆர்தர் ஆஸ்பர்ன் ரமண மகரிஷியின் அடியவர். கையில் தூக்கிச் செல்லக்கூடிய முதல் வெற்றிகரமான கம்ப்யூட்டரை 1981ல் 1,795 டாலருக்கு விற்ற ஆடம், கடைசிக் காலத்தில் தமிழ்நாட்டுக்கே திரும்பி வந்து 2003ல் கொடைக்கானலில் காலமானார். நம் ஊரில் இது இன்னும் நிறையப் பேருக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம்தான்.

சரி, இந்தக் குழப்பம் எப்படி வந்தது? ஆரம்பத்தில் இது இல்லை.

1967ல் சான் ஹோசேயில் ஐ.பி.எம். தேடிக்கொண்டிருந்தது ஒரு எளிய பொருளை. அதன் பெரிய கம்ப்யூட்டர்களில் மின்சாரம் போனால் உள்ளே இருக்கும் மைக்ரோகோடும் (பிராசஸரை இயக்கும் அடிப்படைக் கட்டளைகள்) போய்விடும். திரும்ப ஏற்ற வேண்டும். அந்த மைக்ரோகோடை வாடிக்கையாளருக்குத் தபாலில் அனுப்பக்கூடிய மலிவான ஊடகம் ஒன்று வேண்டும். டேவிட் நோபிள் தலைமையில் ஒரு சின்னக் குழு அதைச் செய்தது. குழு இருந்த பிரிவின் பொறுப்பாளர் ஆலன் ஷுகார்ட். 1971ல் வெளிவந்த அந்த 8 அங்குல டிஸ்க்கைப் படிக்கத்தான் முடியும், வாடிக்கையாளர் எழுத முடியாது. கொள்ளளவு சுமார் 80 கே.பி. தூசியைத் துடைக்க உறைக்குள் ஒரு துணி அடுக்கு வைத்தார்களே, அதுதான் ஃபிளாப்பியை நிஜமாகவே பயன்படும் பொருளாக்கியது என்று நினைக்கிறேன். கடைசி 3.5 அங்குல டிஸ்க் வரை அந்தத் துணி இருந்தது.

1973ல் ஐ.பி.எம். 3740 என்ற டேட்டா என்ட்ரி மெஷின் வந்தது. துளை அட்டைகளுக்கு மாற்று அது. இதில் எழுதவும் முடியும். 77 டிராக், 26 செக்டார், செக்டாருக்கு 128 பைட். அந்த 128ல் ஒரு 80 எழுத்து அட்டை தாராளமாக உட்காரும்; ஒரு டிஸ்க்கில் ஏறத்தாழ 1,900 அட்டைகள். பிற்காலத்தில் வந்த எல்லா சண்டைகளையும் பார்த்தபின் இந்த அமைப்பைப் பார்த்தால் ஒரு நிம்மதி. மற்ற கம்பெனிகள் எல்லாம் ஐ.பி.எம். டிஸ்க்கைப் படித்தே ஆகவேண்டும் என்பதால் அதையே பின்பற்றின. கேரி கில்டால் 1974 வாக்கில் சி.பி/எம் எழுதியபோது கையில் இருந்ததும் 8 அங்குல ஷுகார்ட் டிரைவ்தான். அந்த டிரைவைக் கம்ப்யூட்டரோடு இணைத்து இயக்கும் கன்ட்ரோலரைச் செய்து கொடுத்தவர் ஜான் டோரோட். சி.பி/எம்மின் அடிப்படை டிஸ்க் வடிவமாக 3740 அமைப்பே நிலைத்தது. அதனால் 8 அங்குல உலகத்தில் இருவர் எந்தக் கம்பெனி மெஷின் வைத்திருந்தாலும், அந்த ஒற்றைப்பக்க வடிவத்தில் எழுதிக் கொடுத்தால் அடுத்தவர் படித்துவிடலாம்.

1976ல் ஷுகார்ட் அசோசியேட்ஸ் எஸ்.ஏ.400 என்ற டிரைவைக் கொண்டுவந்தது. (ஆலன் ஷுகார்ட் அதற்கு முன்பே தன் பெயரில் இருந்த அந்தக் கம்பெனியை விட்டு விலகியிருந்தார்.) வேர்ட் பிராசஸர் விற்றுக்கொண்டிருந்த வாங் லேபரட்டரீஸ், மேசை மேல் வைக்க 8 அங்குல டிரைவ் பெரிது, விலையும் அதிகம் என்று கேட்டதன் விளைவு. 5.25 அங்குலம், 35 டிராக், விலை 390 டாலர். வீட்டுக்கும் சின்ன ஆபீசுக்கும் கம்ப்யூட்டர் வர இந்த விலை ஒரு முக்கியக் காரணம். ஆனால் ஐ.பி.எம். அப்போது இந்த அளவு டிஸ்க்கைத் தொடவில்லை. பின்பற்ற ஒரு முன்மாதிரி இல்லாததால் ஆளாளுக்கு ஒரு வழியில் போனார்கள்.

நார்த் ஸ்டார் கம்பெனி டிஸ்க்கிலேயே துளை போட்டுச் செக்டாரைக் குறித்தது. அந்த டிஸ்க் ஒன்று என்னிடம் இருக்கிறது. நடுவளையத்தில் இரு விரலை வைத்து மெதுவாகச் சுழற்றினால், உறையில் இருக்கும் சின்ன ஜன்னலில் வரிசையாகத் துளைகள் வந்து போகும். செக்டாருக்கு ஒன்றாகப் பத்து, சுற்றின் தொடக்கத்தைச் சொல்ல இரண்டு செக்டார் துளைகளுக்கு நடுவில் கூடுதலாக ஒன்று. சாதாரண டிஸ்க்கில் ஒரே ஒரு துளைதான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றதைப் பயன்படுத்தவே முடியாது.

ஆப்பிள் இன்னொரு திசையில் போனது. 1977 கடைசியில் ஆப்பிள் 2 கம்ப்யூட்டரில் சேமிப்பு என்றால் கேசட் டேப். ஆப்பிளின் முதலீட்டாளர் மைக் மார்க்குலா டிஸ்க் டிரைவ் வேண்டும் என்றார். 1978 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் காட்ட வேண்டும். ஆப்பிள் 2-ஐ வடிவமைத்த ஸ்டீவ் வாஸ்னியாக், ஷுகார்ட் கம்பெனியிடமிருந்து பெரும்பாலான மின்னணுப் பலகை இல்லாத டிரைவை வாங்கிக்கொண்டு, எட்டே சிப்புகளில் கன்ட்ரோலரை முடித்தார். மற்றவர்கள் பெரிய பலகை நிறையச் சிப் வைத்துச் செய்த வேலையில் பெரும்பகுதியை ஆப்பிள் 2-இன் 6502 பிராசஸரையே செய்ய வைத்தார். தொடக்கத் துளையைப் பார்க்கும் சென்சார்கூட அவருக்குத் தேவைப்படவில்லை. முதல் டிராக்கைக் கண்டுபிடிக்கும் சென்சாரும் இல்லை. அதனால் டிஸ்க்கைப் படித்து எழுதும் ஹெட்டைக் கடைசி வரை தள்ளித் தடுப்பில் மோதவிடுவார்கள். ஆப்பிள் 2 ஆன் செய்ததும் வரும் அந்தக் கடகடச் சத்தம் அதுதான்.

அதன் பிட் எழுதும் முறையில்தான் எனக்குப் பெரிய வியப்பு. ஜி.சி.ஆர். என்ற அந்த முறையில் தனியாகக் கடிகாரத் துடிப்பே கிடையாது. காந்த மாற்றம் நெடுநேரம் வராமல் போனால் டிரைவ் கணக்கைத் தவறவிட்டுவிடும் என்பதால், நீண்ட பூஜ்ஜிய வரிசை வராத பைட்டுகளை மட்டும் தேர்ந்தெடுத்து எழுதினார்கள். முதலில் இரண்டு பூஜ்ஜியம் அடுத்தடுத்து வரவே கூடாது என்ற விதி. டிராக்குக்கு 13 செக்டார், டிஸ்க்குக்கு சுமார் 114 கே.பி. 1980ல் விதியைக் கொஞ்சம் தளர்த்தி, ஒரு பைட்டில் ஒரே ஒரு ஜோடி பூஜ்ஜியத்தை அனுமதித்தார்கள். பயன்படுத்தக்கூடிய பைட்டுகள் பெருகின. கன்ட்ரோலர் பலகையில் இரண்டு சின்ன ரோம் சிப்புகளை மாற்றியதும் அதே டிரைவில், அதே டிஸ்க்கில் 16 செக்டார், 140 கே.பி. ஒரு ஸ்க்ரூகூட மாற்றாமல் கிடைத்த கூடுதல் இடம் இது. ஃபிளாப்பி வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த வேலை இதுதான். ஆனால் இவ்வளவு அழகான வேலைக்கும் ஒரு விலை இருந்தது: மற்ற கம்பெனிகள் கடையில் வாங்கிப் பொருத்திய கன்ட்ரோலர் சிப் எதுவும் ஆப்பிள் டிஸ்க்கைப் படிக்காது. ஆப்பிளும் அவர்களுடையதைப் படிக்காது.

கமடோர் 1541 டிரைவ் இன்னும் தனி. டிரைவுக்குள்ளேயே ஒரு 6502 பிராசஸர், சொந்த மெமரி. வெளி டிராக் நீளமானது என்பதால் அங்கே 21 செக்டார், உள்ளே போகப்போக 19, 18, 17. நியாயமான கணக்கு. 170 கே.பி. வந்தது. மெஷினுக்குத் தரவை அனுப்பும் வேகம் மட்டும் மகா மெதுவு.

இதெல்லாம் சொந்த உலகம் வைத்திருந்த கம்பெனிகள். அவற்றின் ரசிகர்களுக்கு அடுத்த மெஷினைப் பற்றிக் கவலை இல்லை. சி.பி/எம் உலகத்துக்குத்தான் பெரிய அடி. எந்த மெஷினிலும் அதே நிரல் ஓடும் என்பதே அதன் வாக்குறுதி. நிரல் ஓடத்தான் செய்யும், ஆனால் அதை மெஷினுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது. நியூயார்க்கில் லைஃப்போட் அசோசியேட்ஸ் என்ற விற்பனையாளர்கள் ஒரே மென்பொருளை எத்தனையோ டிஸ்க் வடிவங்களில் விற்றார்கள். ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு குறியீடு. பழைய 8 அங்குல ஐ.பி.எம். வடிவத்துக்கு ‘ஏ1’. யூனிஃபார்ம், மீடியாமாஸ்டர் மாதிரி ஒரு மெஷினின் டிஸ்க்கை இன்னொன்றில் படிக்க வைக்கும் நிரல்களே தனிச் சந்தையாக வளர்ந்தன.

இதன் வேர் சி.பி/எம்மின் அமைப்பிலேயே இருந்தது. டிஸ்க் எப்படி அமைந்திருக்கிறது என்ற விவரம் மெஷினின் பயாஸில், அதாவது வன்பொருளோடு பேசும் நிரல் பகுதியில், ஒரு அட்டவணையாக இருந்தது, டிஸ்க்கில் இல்லை. புதிதாக ஒரு டிஸ்க்கைப் போட்டால் அது எந்த வடிவம் என்று அந்த டிஸ்க்கைக் கேட்டுத் தெரிந்துகொள்ள சி.பி/எம்முக்குப் பொதுவான வழி எதுவும் கிடையாது.

1981ல் ஐ.பி.எம். பி.சி. வந்தபோது அதன் டிஸ்க் ஒன்றும் பிரமாதமில்லை. ஒரு பக்கம், 40 டிராக், 8 செக்டார், 160 கே.பி. அதே காலத்தில் சக் பெடில் வடிவமைத்த விக்டர் 9000, டிராக்குக்குத் தகுந்தபடி சுழலும் வேகத்தை மாற்றி ஒரு பக்கத்திலேயே 600 கே.பி. எழுதியது. பொறியியலாகப் பார்த்தால் விக்டர் பல படி மேலே. ஆனால் பி.சி.யில் ஓடிய மைக்ரோசாஃப்ட்டின் டாஸ் ஆபரேட்டிங் சிஸ்டம் ஒரு முக்கியமான விஷயத்தைச் சரியாகச் செய்தது. கோப்பு அட்டவணையின் முதல் பைட்டில் ‘நான் இன்ன வகை டிஸ்க்’ என்ற குறி இருந்தது. 1983ல் டாஸ் 2.0 வந்தபோது 9 செக்டார், இரு பக்கம், 360 கே.பி. ஆனது, கூடவே அமைப்பின் முழு விவரமும் டிஸ்க்கின் முதல் செக்டாரிலேயே போனது. டிஸ்க் தன்னைத் தானே அறிமுகம் செய்துகொண்டது. ஐ.பி.எம். பெயரும், அதைப் பார்த்துச் செய்த குளோன் மெஷின்களும் சேர்ந்ததும் 360 கே.பி. எல்லோருக்கும் பொதுவானது. 1983 செப்டம்பரில் ஆஸ்பர்ன் கம்பெனி திவால் மனு கொடுத்தது.

ஆனால் அதே ஐ.பி.எம். அடுத்த வருடமே ஒரு பொறியை வைத்தது. 1984ல் வந்த பி.சி./ஏ.டி. மெஷினின் 1.2 எம்.பி. டிரைவ் 360 கே.பி. டிஸ்க்கையும் ஏற்கும். படிப்பதில் பிரச்சினை இல்லை. எழுதினால்தான் சிக்கல். புது டிரைவில் 80 டிராக், அதனால் ஹெட் பழையதில் பாதி அகலம். பழைய அகலமான டிராக்கின் நடுவே அது மெல்லிய கோடாகப் புதுத் தரவை எழுதும். இரு ஓரத்திலும் பழைய தரவு அழியாமல் நிற்கும். அந்த டிஸ்க்கைத் திரும்ப 360 கே.பி. டிரைவில் போட்டால், அகலமான ஹெட் புதியதையும் பழையதையும் சேர்த்துப் படித்து எரர் காட்டும். ஏ.டி.யில் மட்டும் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். இப்படிப்பட்ட டிஸ்க்குகள் எனக்கு இன்றும் வருகின்றன. நடுவளையத்தைச் சுற்றி ஒரு பட்டை ஒட்டியிருந்தால் பெரும்பாலும் 360 கே.பி., பட்டை இல்லாவிட்டால் பெரும்பாலும் 1.2 எம்.பி. லேபிள் பிய்ந்துபோன டிஸ்க்குகளில் முதலில் நான் பார்ப்பது அதைத்தான்.

இதற்கிடையே சட்டைப் பையில் போடும் டிஸ்க் யாருடையது என்ற சண்டை ஆரம்பித்தது. 1982, 83 வாக்கில் களத்தில் ஹிட்டாச்சி, மாட்சுஷிட்டா, மேக்செல் சேர்ந்து கொண்டுவந்த 3 அங்குலம். டேபர் கம்பெனியின் 3.25 அங்குலம், அதற்கு டைசன் பக்கபலம், சோனியின் 3.5 அங்குலம், ஐ.பி.எம்.மின் 4 அங்குலம். ஐ.பி.எம். பெயரே போதும், எதுவும் ஜெயிக்கும் என்று நினைத்தால், அந்த 4 அங்குல டிஸ்க் சந்தையில் காலூன்றவே இல்லை. 3.25 அங்குலமும் அப்படியே போனது. 3 அங்குலம் மட்டும் பிரிட்டனில் ஆம்ஸ்ட்ராட் மெஷின்களில் சில வருடம் நன்றாக வாழ்ந்தது. உறுதியான டிஸ்க், கைக்கு நல்ல கனம். ஆனால் அந்த உலகத்துக்கு வெளியே அதைப் படிக்க ஆளில்லை.

சோனி ஏன் ஜெயித்தது? கெட்டியான உறை, உலோக ஷட்டர் என்பார்கள். 3 அங்குலத்திலும் கெட்டி உறை இருந்தது. என் கணிப்பில் காரணம், சோனி விட்டுக்கொடுத்தது. முதல் சோனி டிரைவ் நிமிடத்துக்கு 600 சுற்று ஓடியது, 70 டிராக், ஷட்டரைக் கையால் திறக்க வேண்டும். 1982ல் பல கம்பெனிகள் சேர்ந்து மைக்ரோஃபிளாப்பிக்காக ஒரு தொழில்துறைக் குழு அமைத்தபோது, சோனியின் வடிவத்தை ஏற்று அதில் மாற்றங்கள் கேட்டார்கள்: வேகம் 300 சுற்று, 80 டிராக், தானாக மூடும் ஷட்டர். சோனி ஒத்துக்கொண்டது. இந்த மாற்றத்தால், கம்ப்யூட்டரின் கண்ணுக்கு 3.5 அங்குல டிரைவ் என்பது 80 டிராக் கொண்ட இன்னொரு 5.25 அங்குல டிரைவ் மாதிரியே தெரிந்தது. அதே கன்ட்ரோலர், அதே கணக்கு.

ஆப்பிள் இதில் தடுமாறிய விதம் படிக்க வேண்டியது. லிசா கம்ப்யூட்டருக்கென்று அவர்களே ‘ட்விக்கி’ என்ற 5.25 அங்குல டிரைவைச் செய்தார்கள். 871 கே.பி.; உறையில் இரண்டு இடத்தில் திறப்பு; வேறு எந்த டிஸ்க்கும் அதில் போகாது. 1983 ஜனவரியில் லிசா வந்தபோதே அது சரியாக உழைக்கவில்லை. மெக்கின்டாஷுக்கு என்ன செய்வது என்ற கேள்வியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஆல்ப்ஸ் கம்பெனியோடு சேர்ந்து சொந்த டிரைவ் செய்யச் சொன்னார். பொறியாளர்களோ அவருக்குத் தெரியாமல் சோனியோடு பேச்சைத் தொடர்ந்தார்கள். ஒருநாள் ஜாப்ஸ் திடீரென்று வந்துவிட, அங்கே இருந்த சோனி பொறியாளரைத் துப்புரவுச் சாமான் வைக்கும் அறைக்குள் ஒளித்துவைத்த கதையை மெக்கின்டாஷ் குழுவின் ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் எழுதியிருக்கிறார். ஆல்ப்ஸால் நேரத்துக்கு முடிக்க முடியவில்லை. 1984 ஜனவரியில் மெக்கின்டாஷ் சோனி டிரைவோடுதான் வந்தது.

வந்தும் என்ன? ஆப்பிள் அதில் தன் ஜி.சி.ஆர். முறையையும் மாறும் வேகத்தையும் வைத்து 400 கே.பி. எழுதியது. ஐ.பி.எம். பக்கம் 720 கே.பி., கமடோரின் அமிகா கம்ப்யூட்டரில் 880 கே.பி. மூன்றும் ஒரே சோனி டிஸ்க்தான், ஒன்றை ஒன்று படிக்காது. ஆஸ்பர்ன், கேப்ரோ கதை புது உறையில் மறுபடியும் நடந்தது. 1988ல் ஆப்பிள் இரண்டு முறையையும் படிக்கும் டிரைவைக் கொடுத்த பிறகுதான் மெக்குக்கும் பி.சி.க்கும் இடையே டிஸ்க் போக்குவரத்து சுலபமானது. அதற்கு முந்தைய வருடம் ஐ.பி.எம். பி.எஸ்/2 மெஷின்களோடு 1.44 எம்.பி. வந்திருந்தது. 80 டிராக், 2 பக்கம், 18 செக்டார், 512 பைட்: பெருக்கினால் 14,74,560 பைட். 1,440 கே.பி. என்பதைப் புள்ளி வைத்து எழுதிவிட்டார்கள். எந்தக் கணக்கிலும் அது 1.44 எம்.பி. ஆகாது. நம்மில் பலர் முதன்முதலில் கையில் பிடித்த ஃபிளாப்பி இதுவாகத்தான் இருக்கும். அதன்பின் 2.88 எம்.பி. வந்தது, நெக்ஸ்ட் கம்ப்யூட்டரில் இருந்தது, பி.எஸ்/2-விலும் இருந்தது. டிஸ்க் விலை அதிகம், அடுத்தவர் மெஷினில் திறக்காது. எடுபடவில்லை. சோனி தன் ஃபிளாப்பி விற்பனையை 2011ல் நிறுத்தியது வரை 1.44 தான் நின்றது.

இன்று இந்தப் பழைய பகைகளுக்கு ஒரு நல்ல தீர்வு இருக்கிறது. கீர் ஃப்ரேசர் உருவாக்கிய கிரீஸ்வீசில் என்ற சின்னப் பலகை, ஃபார்மட் என்ன என்றே கேட்பதில்லை. ஹெட்டுக்குக் கீழே காந்தத் திசை மாறும் ஒவ்வொரு கணத்தையும் நேரக் கணக்காகப் பதிந்து கோப்பாக்கிவிடும். அது ஆப்பிளா, கமடோரா, ஆஸ்பர்னா என்பதைப் பின்னால் மென்பொருளில் உட்கார்ந்து பிரித்துக்கொள்ளலாம். ஒரு பி.சி. டிரைவ், ஒரு யு.எஸ்.பி. கேபிள் போதும். ஆப்பிள், கமடோர் காலத்தில் டிஸ்க்கைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தில் எழுதியிருந்தால் மட்டும் கவனம் தேவை. திருப்பியதும் தொடக்கத் துளை இடம் மாறிவிடும், பல பி.சி. டிரைவ்கள் துளையைப் பார்க்காமல் படிக்க மறுக்கும்.

உங்கள் வீட்டுப் பரணில் ஃபிளாப்பிகள் இருந்தால், டிரைவில் போடுவதற்கு முன் எழுத்துத் தடையைப் போட்டுவிடுங்கள். 5.25 அங்குல டிஸ்க்கில் ஓரத்து வெட்டை டேப் ஒட்டி மூட வேண்டும். 3.5 அங்குலத்தில் சின்னத் தாழைத் தள்ளித் துளையைத் திறக்க வேண்டும். 8 அங்குலத்தில் வெட்டு திறந்திருந்தால்தான் பாதுகாப்பு. ஏற்கெனவே டேப் ஒட்டியிருந்தால் அதைப் பிரித்துவிடுங்கள். வட்டத்தின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் அந்த டிஸ்க்கைத் தனியாக எடுத்து வையுங்கள், சுத்தம் செய்யாமல் எந்த டிரைவிலும் போடாதீர்கள். அது அந்த டிஸ்க்கையும் கெடுக்கும், ஹெட் வழியாக அடுத்து வரும் டிஸ்க்கையும் கெடுக்கும்.